கோச்சின் முழங்கால்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடம். நோர்வேயின் ஒஸ்லோ நகரில், எல்லிங்ஸ்ருட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபம். முதலில் என் கண்ணில் பட்டது ஒரு முழங்கால். வலது முழங்கால். மேலிருந்து கீழ்வரை ஒரு நீண்ட தழும்பு, தழும்பின் இரு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். அந்த முழங்கால் மெதுவாக மடிந்து மரத்தரையில் ஊன்றியது. அதன் சொந்தக்காரர் எங்கள் கூடைப்பந்துக் கோச். ஆறடிக்கு மேற்பட்ட தன் உயரத்தை எங்கள் உயரத்துக்குக் குறைத்துக்கொண்டு, எங்களையும் அப்படியே இருக்கச் சொல்லிக் கையால் காட்டினார். ஒன்பது சிறுமிகள் வட்டமாக முழங்காலிட்டோம்.

அவர் கண்களை மூடி ஆங்கிலத்தில் நாலைந்து வாக்கியங்கள் வேகமாகச் சொன்னார். முடிவில் ஆமென் என்றார். ஒருத்தி சுவிங்கம் மென்றுகொண்டிருந்தாள். இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். நான் கண்களை மூடிக் கைகூப்பியிருந்தேன். எங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் கண்களை மூடி முணுமுணுத்தால் பிள்ளைகள் செய்ய வேண்டியது அதுதான். எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் குரோருட்டில் ஒரு அடுக்குமாடியின் நான்காம் மாடியில் இருந்தோம். அப்பா நகரப் பேருந்து ஓட்டினார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்.

கோச் அமெரிக்காவின் தெற்கே ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து வந்திருந்தார். மனைவிக்கு ஒஸ்லோவில் எண்ணெய்த் துறையில் வேலை; அவருக்குப் பகலில் ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளர் வேலை. மாலையில் எங்களைப் பயிற்றுவித்தார். அதற்குச் சம்பளம் இல்லை. முந்தைய ஆண்டு நாங்கள் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தோம். பயிற்றுவிக்க எந்தப் பெற்றோரும் முன்வராததால் அந்தக் குழு ஒரு மின்னஞ்சலோடு கலைந்துபோனது. எனவே எங்கள் விளையாட்டுக் கழகத்தில் எல்லோரும் கோச்சைக் கண்டெடுத்த பொருள்போலப் பத்திரமாக நடத்தினார்கள்.

இடைவேளைகளில் அவர் தன் ஊரைப் பற்றிச் சொல்வார். வெள்ளிக்கிழமை மாலையானால் கடைகளைப் பூட்டிவிட்டு ஊர் முழுவதும் அமெரிக்கக் கால்பந்து பார்க்கப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகுமாம். முதலில் போதகர் ஒலிவாங்கியைப் பிடிப்பார். தொப்பிகள் கழலும். அதன் பிறகுதான் பந்து. ஞாயிறு காலை அதே ஆட்கள் தேவாலயத்தில் அதே ஒழுங்கில் அமர்ந்திருப்பார்கள்; போதகர் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் தொடங்கித்தான் வேதத்துக்கு வருவார். மைதானமும் தேவாலயமும் ஒரே கட்டடத்தின் இரண்டு அறைகள் என்றே தான் நெடுநாள் எண்ணியிருந்ததாக அவர் சொன்னார்.

ஆட்ட நாட்களில் அவருடைய மணிக்கட்டில் வெள்ளைப் பட்டி சுற்றியிருக்கும். அதில் மையால் 4:13 என்று எழுதியிருப்பார். அது வேத வசனத்தின் எண் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது அதை ஒரு பழைய ஆட்டத்தின் புள்ளிகள் என்று நினைத்திருந்தேன். தோற்ற ஆட்டத்தை ஒரு மனிதர் ஏன் கையில் கட்டிக்கொண்டு திரிகிறார் என்று மட்டும் விளங்கவில்லை.

எங்கள் வயதுப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு நோர்வேயில் பட்டியல் போடுவதில்லை. வென்றவர், தோற்றவர் என்று எங்கும் எழுதப்படாது. ஆட்டம் முடிந்ததும் இரு பக்கத்துக்கும் கைதட்டுவார்கள், இரு பக்கத்துக்கும் வாஃபிள் என்ற கட்டம்போட்ட அப்பம் கிடைக்கும். எனவே நாங்களே எண்ணினோம். பேருந்தில் வீடு திரும்பும்வரை எண்ணிக்கையில் சண்டை பிடித்தோம். அந்தச் சனிக்கிழமை வரை எங்கள் குழு ஒருமுறையும் வென்றதில்லை. அன்று இருபத்திரண்டுக்கு இருபது என்று வென்றோம்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

சாமியிடம் கேட்கும் முறை எங்கள் வீட்டில் தெளிவாக இருந்தது. கேட்க வேண்டும், கிடைக்கும், நேர்த்திக்கடனைச் செலுத்த வேண்டும். பேருந்து ஓட்டும் பத்திரம் கிடைத்தால் இருபத்தொரு தேங்காய் உடைப்பதாக அப்பா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தார். மூன்றாம் தடவை தேறினார். மறு வெள்ளிக்கிழமையே கோயில் முற்றத்தில், பனியில், இருபத்தொன்றையும் உடைத்தார். தெறித்துப்போய்ப் பனிக்குள் புதைந்தவற்றை நான்தான் பொறுக்கினேன். ஆகவே கோச் கேட்டார், கிடைத்தது என்பதுவரை எனக்கு விளங்கியது. ஆனால் அவர் எதையும் செலுத்தியதாகத் தெரியவில்லை. இது எனக்குக் கவலையாக இருந்தது. செலுத்தாத நேர்த்தி அடுத்த ஆட்டத்தில் முகத்தைக் காட்டும். கோச்சின் சாமிக்குத் தேங்காய் பிடிக்குமோ தெரியாது. அடுத்த பயிற்சி நாளில் வீட்டிலிருந்து, எங்கள் பேச்சில் தோடம்பழம் என்னும் ஆரஞ்சு ஒன்றை எடுத்துச் சென்று, யாரும் காணாமல் அவருடைய பையின் பக்கப் பையில் வைத்தேன்.

இரண்டாம் ஆட்டத்திலும் முழங்காலிட்டோம், வென்றோம், தோடம்பழம் வைத்தேன். மூன்றாம் ஆட்டத்தில் அவர் முழங்காலிடவில்லை. இங்கே அப்படிச் செய்வது வழக்கமில்லை என்று கழகத்தில் யாரோ அவருக்கு மெதுவாகச் சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. பதினொரு புள்ளிகளால் தோற்றோம்.

நான்காம் ஆட்டத்துக்கு முன் சப்பாத்துகள் கழற்றும் இடத்தில் அவர் தனியே நின்றபோது போய், நீங்கள் மறந்துபோனீர்கள் என்றேன். எதை என்று கேட்டார். முழங்காலிட்டுக் காட்டினேன். அவர் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உனக்கு அது வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். அன்று அவர் மீண்டும் முழங்காலிட்டார். நாலு புள்ளிகளால் வென்றோம். மூன்றாவது தோடம்பழம் போனது.

அடுத்த வாரம் அப்பாவுக்குக் கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆட்டத்துக்கு முன் ஜெபம் செய்யப்படுவது பற்றி ஒரு தாய் முறையிட்டிருக்கிறார். கோச் தொடர்வதா என்பதைப் பெற்றோர் கூடிப் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் குடும்பம் இந்துக் குடும்பம் என்பதால் உங்கள் கருத்தை முக்கியமாகக் கேட்க விரும்புகிறோம். அப்பா அதை மூன்று தடவை வாசித்தார். பிறகு அச்செடுத்து, எங்கள் வதிவிட அனுமதிப் பத்திரங்கள் இருந்த பிளாஸ்டிக் கோப்புக்குள் வைத்தார். நோர்வேயில் அவரிடம் பலரும் பத்திரம் கேட்டிருக்கிறார்கள். கருத்துக் கேட்டது அதுவே முதல் தடவை.

சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. துரொண்ட்ஹெய்மில் எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார், அப்பாவின் ஒரே தம்பி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் அங்கே ஒரு சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார். அதற்குப் பிறகு வந்த அப்பப்பாவின் திவசத்துக்கு ஒஸ்லோ வந்தவர், திருநீறு பூச மறுத்தார். அப்பா ஏதோ சொன்னார். சித்தப்பா சோற்றில் கை வைக்காமல் எழும்பிப் போனார். அதுவரை அம்மா ஒவ்வொரு மார்ச்சிலும், புகை எச்சரிக்கைக் கருவிக்குப் பயந்து பல்கனியில் அடுப்பு வைத்து, மிளகாயும் மல்லியும் வறுத்துத் தூள் அரைத்து மூன்று பொதிகள் கட்டுவார். இரண்டு எங்களுக்கு, ஒன்று துரொண்ட்ஹெய்முக்கு. அதன் பிறகு இரண்டுதான்.

கூட்டத்துக்கு முதல் நாள் அப்பா சமையலறை மேசையருகே அமர்ந்து ஒரு தாளில் நோர்வேஜிய மொழியில் நாலு குறிப்புகள் எழுதினார். வாஃபிள் மாவு கரைப்பது அந்த முறை எங்கள் வீட்டின் பொறுப்பு. மாவில் ஏலக்காய்த் தூள் போட வேண்டும் என்று கழகத்தின் செய்முறைத் தாளில் கண்டதிலிருந்து அம்மாவுக்கு நோர்வேஜியர்மேல் மரியாதை கூடியிருந்தது.

"பந்தைக் காட்டிப் பிள்ளையளைப் பிடிக்கிறாங்கள்," என்றார் அப்பா. "முதல் பந்து. பிறகு ஆமென். பிறகு ஞாயிற்றுக்கிழமை வா எண்டுவாங்கள்."

அம்மா கரைப்பதை நிறுத்தவில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதன் வலைப்பந்துக் குழுவில் ஆடியவர்.

"நானும் எட்டு வருசம் ஆமென் சொல்லித்தான் வலைப்பந்து விளையாடினனான். இப்ப ஆர் உங்கடை பிள்ளையாருக்கு மாலை கட்டுறது?"

"அது பள்ளிக்கூடம். இது வேறை."

"என்ன வேறை? அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டினதும் அமெரிக்கன்தான். அங்கை வந்து பிடிக்க ஏலாததை இஞ்சை வந்தோ பிடிக்கப்போறான்?"

அப்பா ஐந்தாவது குறிப்பு எழுதினார்.

நான் அன்று சாப்பிடவில்லை. கோச் போனால் குழு கலையும், முந்தைய ஆண்டு கலைந்ததுபோல. அவர் போவதற்குக் காரணமான அந்தக் கடைசி ஜெபத்தைக் கேட்டு வாங்கியது நான். இது ஒருவருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் கூட்டம். அம்மாவுக்குப் பின்னேர வேலை. வீட்டில் தனியே விட முடியாமலும், சொல் ஏதும் தட்டுப்பட்டால் உதவும் என்றும் அப்பா என்னைக் கூட்டிப்போனார். பதினொரு பெற்றோர், கழகத் தலைவி, கோச், வாஃபிள் சுடும் இரண்டு கருவிகள். கோச் சுவரோரமாகப் பிள்ளைகளின் நாற்காலியில் இருந்தார். முழங்கால்கள் மேசைக்கு மேலே தெரிந்தன.

முறையிட்ட தாய் முதலில் பேசினார். கோபமாகப் பேசவில்லை. அவர் நோர்வேயின் மேற்குக் கரைக்காரர். அங்கே, தன் தகப்பன் சிறுவனாக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை பந்தை உதைப்பது பாவம் என்றார். ஒருமுறை உதைத்ததற்காகத் தகப்பனை ஜெபவீட்டில் எல்லோர் முன்னிலும் நிறுத்தினார்களாம். "என் அப்பாவிடமிருந்து கடவுள் பந்தைப் பறித்தார். இவருடைய ஊரில் கடவுள் பந்தோடு சேர்ந்து ஓடுகிறார். என் மகளுக்கு இரண்டும் வேண்டாம். பந்து மட்டும் போதும்," என்றார். இரண்டு மூன்று பேர் தலையசைத்தார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்றும் சொல்லி, எங்கள் பக்கம் அன்போடு பார்த்தார்.

தலைவி அப்பாவை அழைத்தார். அப்பா எழுந்து, கோப்பைத் திறந்து, தாளை எடுத்தார். வாசிக்கத் தொடங்கவில்லை. பேருந்து எடுக்குமுன் கண்ணாடியைப் பார்ப்பதுபோல ஒருமுறை என் பக்கம் திரும்பி, தமிழில் கேட்டார்:

"நீ உண்மையைச் சொல்லு. அவர் உங்களைக் கட்டாயப்படுத்தினவரோ?"

"இல்லை அப்பா."

"பயப்பிடாமல் சொல்லு."

"அவர் விட்டிட்டார். கடைசிமுறை நான்தான் கேட்டனான்."

"நீயோ? என்னத்துக்கு?"

"வெல்லுறதுக்கு."

அப்பா தாளைப் பார்த்தார். அதில் இதற்குக் குறிப்பு இருக்கவில்லை.

"வேறை என்ன செய்தனி?"

"தோடம்பழம் வைச்சனான். அவரின்ரை பையுக்கை. நேர்த்திக்கு."

"எத்தினை?"

"மூண்டு."

எல்லோரும் காத்திருந்தார்கள். நாங்கள் பேசியதில் ஒரு சொல்லும் அந்த அறையில் வேறு யாருக்கும் விளங்காது. அப்பா விரும்பியிருந்தால் தாளில் இருந்ததை வாசித்துவிட்டு அமர்ந்திருக்கலாம். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அப்பா தாளை மடித்தார். மெதுவான நோர்வேஜிய மொழியில் சொன்னார்: என் மகள்தான் இவரை ஜெபிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் பரீட்சைக்கு, விசாவுக்கு, பேருந்துப் பத்திரத்துக்கு எல்லாம் கடவுளிடம் கேட்போம். கேட்டது கிடைத்தால் கொடுப்போம். அவள் அதை என்னிடம் கற்றாள், இவரிடம் இல்லை. இவருக்காக அவள் மூன்று தோடம்பழம் கொடுத்திருக்கிறாள்.

சுவரோரம் இருந்த கோச் தலையை நிமிர்த்தினார். அந்தத் தோடம்பழங்கள் நோர்வேஜிய வழக்கம் என்று அவர் நினைத்திருந்தார். வென்ற குழுவின் பயிற்சியாளருக்குக் கழகம் கொடுப்பதாக எண்ணி, தலைவிக்கு ஒரு நன்றி மின்னஞ்சலும் அனுப்பியிருந்தார். அந்த மின்னஞ்சல் எதைப் பற்றியது என்று இரண்டு வாரமாகத் தெரியாமல் இருந்த தலைவி இப்போது வாயைப் பொத்திக்கொண்டார். முறையிட்ட தாயும் சிரித்தார். கூட்டத்தில் அதற்குப் பிறகுதான் யாரோ வாஃபிள் எடுத்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. கோச்சைப் பார்த்து, நீங்கள் வெற்றி கேட்டீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றார் கோச். ஒருபோதும் கேட்டதில்லை. ஒருவருக்கும் காயம் வரக்கூடாது என்று கேட்டேன், எங்கள் பக்கத்தில் மட்டுமல்ல. பதினேழு வயதில், தன் ஊர் மைதானத்தில், நாலாயிரம் பேர் எழுந்து நின்று, ஏற்கெனவே அடிபட்டிருந்த தன் முழங்காலுக்காக ஜெபித்தார்கள் என்றார். அன்று இரண்டாம் பாதியில் அந்த முழங்கால் உடைந்தது. எதிர்ப்பக்கமும் ஜெபித்துத்தான் வந்திருந்தது, அதே கடவுளிடம். "அவர்கள் வென்றார்கள். அதனால் அவர் அவர்களுடைய கடவுள் மட்டும் ஆகிவிடவில்லை," என்றார். பிறகு, கேட்டது ஒரு பிள்ளை என்றாலும் முழங்காலிட்டது தான்தான் என்றும், இது தன்னுடைய ஊரல்ல என்பதை மறந்திருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

கூட்டம் ஏழு மணி பத்து நிமிடத்துக்கு முடிந்தது. ஜெபம் இல்லை. அதற்குப் பதில் ஆட்டத்துக்கு முன் அரை நிமிடம் எல்லோரும் வட்டமாகப் பேசாமல் இருப்பது. அந்த நேரத்தில் அவரவர் தலைக்குள் என்ன செய்கிறார்கள் என்பது அவரவர் பாடு. முறையிட்ட தாய்தான் அரை நிமிடம் என்ற அளவைச் சொன்னார். கோச் நீடிப்பார்.

வாசலில் பனிச்சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது கோச் வந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார். அப்பா கையை விடாமல், நோர்வேஜிய மொழியை விட்டுத் தமிழில் என்னிடம் சொன்னார்:

"அவரிட்டைக் கேள், அவரின்ரை குடும்பத்திலை எல்லாரும் சேர்ச்சுக்குப் போறவையோ எண்டு."

இது என்ன கேள்வி என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டேன். தன் அண்ணன் இருபது ஆண்டுகளாகப் போவதில்லை, கடவுளை நம்புவதும் இல்லை என்றார் கோச்.

"வீட்டை வாறவரோ எண்டு கேள்."

ஒவ்வொரு நவம்பரும் நன்றி சொல்லும் நாள் விருந்துக்குத் தங்கள் அம்மாவின் வீட்டுக்கு வருவான் என்றார். அம்மா சாப்பாட்டின் முன் ஜெபிக்கும்போது அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வான்கோழியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு இருவரும் கொல்லைப்புறத்தில் பந்து எறிந்து விளையாடுவோம். அவன் இன்னமும் ஏமாற்றித்தான் ஆடுவான்.

நான் மொழிபெயர்த்தேன். அப்பா தலையசைத்தார். என் பிழைக்குத் தண்டனையை யோசிக்கிறார் என்று வீடுவரை நினைத்துக்கொண்டு வந்தேன். தண்டனை எதுவும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா முதல் தடவையாக என் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். பேருந்துச் சீருடையோடு பார்வையாளர் வரிசையின் மேல்வாங்கில் இருந்தார். நாங்கள் வட்டமாக நின்றோம். கோச் முழங்காலிடாமல் குனிந்து நின்றார். அந்த அரை நிமிடத்தில் நான் ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்தேன். அப்பாவின் கண்கள் மூடியிருந்தன, உதடுகள் அசைந்தன. வென்றுவிட்டோம் என்று முடிவு செய்தேன்.

ஆறு புள்ளிகளால் தோற்றோம். இரண்டாம் பாதியில் எதிர்ப்பக்கச் சிறுமி ஒருத்தி என்னோடு மோதி விழுந்தாள். மண்டபத்தில் முதலில் எழுந்து நின்றவர் அப்பா. அவள் எழும்பி, முழங்கையைத் தடவிக்கொண்டு, மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவர் அமர்ந்தார். அன்று ஒருவருக்கும் காயமில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், அப்பா கேட்டும் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிள்ளையாருக்குக் கூடைப்பந்து தெரியாது என்று எண்ணிக்கொண்டேன். என்ன கேட்டீர்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

மார்ச்சில் அம்மா பல்கனியில் மிளகாய் வறுத்தார். கீழ்வீட்டுக்காரர் வழக்கம்போலத் தும்மினார். தூள் அரைத்து ஆறியபின் அம்மா மூன்று பொதிகள் கட்டினார். மூன்றாவதைப் பெட்டியில் இட்டு ஒட்டியதும் அப்பா பேனையை எடுத்து முகவரி எழுதினார். துரொண்ட்ஹெய்ம் அஞ்சல் எண்ணை அவர் எங்கும் தேடிப் பார்க்கவில்லை.